பாஸ், சார், அண்ணாச்சி: நிச்சயமற்ற வேலையின் சொல்லாடல் குறித்து

1

'சமாளித்தல்' என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். எரிந்து விழும் மேலாளர், என்றைக்குப் போகும் என்று தெரியாத வேலை, இரண்டும் ஒன்றாக வாய்த்தவருக்கு நம் சூழலில் கிடைக்கிற ஒரே யோசனை 'எப்படியாவது சமாளிச்சுக்கோ' என்பதுதான். வீட்டில் சொல்கிறார்கள். நண்பர்கள் சொல்கிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் அடுக்கடுக்காகக் கிடக்கும் சுயமுன்னேற்ற நூல்கள் அதையே இருநூறு பக்கத்துக்கு விரித்துச் சொல்கின்றன. மேலதிகாரியின் மனநிலை அறிந்து நட, அவர் கோபத்தை மனதில் ஏற்றிக்கொள்ளாதே, பத்து நிமிடம் முன்னதாக வா, புன்னகை செய்.

இந்தச் சொல்லாடலை ஒரு பிரதியாக வைத்து வாசித்தால் அதில் இரண்டே பாத்திரங்கள்தாம் இருக்கின்றன. குணக்கேடான ஒரு மனிதர், பொறுமை போதாத இன்னொரு மனிதர். நியமன ஆணை, வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, விலக்குவதற்கான முன்னறிவிப்பு, இவை எதுவும் இந்தக் கதைக்குள் நுழைவதில்லை. அதிகாரம் முழுவதும் உளவியலாக மொழிபெயர்க்கப்பட்டு, அந்த உளவியலைக் கையாளும் பொறுப்பும் கீழே இருப்பவன் தலையிலேயே ஏற்றப்படுகிறது. வேலைக்கு மேல் இது ஒரு கூடுதல் வேலை. இதற்குச் சம்பளம் கிடையாது.

மேலாளரின் குணம் என்று நாம் அழைப்பது பெரும்பாலும் குணமே அல்ல என்பது என் வாதம். அது வேலை நிபந்தனையின் குரல். இன்றிரவே உன்னை அனுப்பிவிட முடியும் என்ற இடத்தில் இருப்பவர் சாந்த சொரூபியாகவே இருந்தாலும் அவர் முன்னால் கை தானாகக் கட்டிக்கொள்ளும். அனுப்ப முடியாத இடத்தில் இருப்பவர் கத்தினால் அது வெறும் சத்தம்.

என் அனுபவத்திலிருந்து ஒன்றே ஒன்று. மயிலாப்பூரில் ஒரு சிறு அச்சகத்தில், பெயர் வேண்டாம், மூன்றாண்டு பிழை திருத்தினேன். முதலாளியை எல்லோரும் 'சார்' என்போம். நல்ல மனிதர்தான். தீபாவளிக்கு இனிப்பும் ஐநூறு ரூபாயும் தருவார். மார்கழியில் கச்சேரி கேட்டுவிட்டு வந்து ராகம் பற்றிப் பேசுவார். அவருக்கு வாடிக்கையான நகைச்சுவை ஒன்று உண்டு. யாராவது தாமதமாக வந்தால் சிரித்துக்கொண்டே, "என்ன, நாளைலேர்ந்து வரவேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்பார். நாங்களும் சிரிப்போம். ஆனால் எல்லோரும் ஒரே அளவில் சிரிப்பதில்லை. மனைவிக்கு வங்கி வேலை இருந்த கணக்கர் உதட்டோடு நிறுத்திக்கொள்வார். பைண்டிங்கில் நாள்கூலிக்கு இருந்த இரண்டு பெண்கள்தாம் இருப்பதிலேயே உரக்கச் சிரிப்பார்கள். சிரிப்பின் உரத்தை வைத்தே அவரவர் வேலையின் உறுதியை அளந்துவிடலாம் போலிருக்கும். அங்கே வன்முறை என்று எதுவும் நடக்கவில்லை. அந்த நகைச்சுவையை யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது என்பதுதான் விஷயம்.

சார் என்பது ஒரு விளி. தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் சில கிலோமீட்டர் இடைவெளிக்குள் இன்னும் இரண்டு விளிகள் இருக்கின்றன: ஜெமினி ஸ்டூடியோவின் 'பாஸ்', ரங்கநாதன் தெருவின் 'அண்ணாச்சி'. மூன்றும் வெறும் மரியாதைச் சொற்களல்ல. ஒவ்வொன்றும் ஒருவகை வேலையின்மீது போர்த்தப்பட்ட ஒருவகை உறவு. முதலில் பாஸ்.

2

அசோகமித்திரன் 1952இல் சென்னைக்கு வந்து, தன் தந்தையின் நண்பரான எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். 1966இல் வெளியேறி முழுநேர எழுத்தாளரானார். அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலின் பெயரே 'மை இயர்ஸ் வித் பாஸ்'. வாசன் அங்கே எல்லோருக்கும் பாஸ். நமக்கு இதில் முக்கியமானது வேலையின் இயல்பு. செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது அவருடைய பணிகளில் ஒன்று. நாள் முழுக்க மேசை முன் உட்கார்ந்து காகிதம் கிழித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தவர்கள் இவருக்கு வேலையே இல்லை என்று நினைத்துக்கொள்வார்களாம். அந்த ஸ்டூடியோவின் கதை இலாகா ஒருநாள் மூடப்பட்டதையும் அதே எள்ளல் தொனியில் பதிவு செய்திருக்கிறார். கவிஞர்களும் எழுத்தாளர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த இலாகாவில் இருந்த வழக்கறிஞருக்கும் வேலை போயிற்று.

இங்கே கோபம் எங்கே? எங்குமில்லை. பாஸ் கத்துவதில்லை. துரத்துவதில்லை. தாராளமாகவும் இருக்கிறார். ஒரு இலாகா இருந்தது, இல்லாமல் போயிற்று. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள்ளேதான் அசோகமித்திரனின் புனைவுலகம் முழுவதும் இருக்கிறது என்பேன். 1969இல் வந்த 'கரைந்த நிழல்கள்' நாவலில் ஒரு சினிமாக் கம்பெனி விழுகிறது. விழுந்ததும் அதில் உயிரைக் கொடுத்து ஓடியாடியவர்கள் ஒவ்வொருவராக நாவலின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். கெட்டவன் என்று சுட்டிக்காட்ட ஆளில்லை. தயாரிப்பாளரே இன்னொரு பெரிய இடத்தின் முன்னால் நடுங்கிக்கொண்டிருக்கிறார். நிச்சயமின்மை மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் கைமாற்றித் தரப்படுகிறது. கடைசிப் படியில் இருப்பவனுக்கு அதைக் கைமாற்ற ஆளில்லை.

'புலிக்கலைஞன்' கதையை இந்தக் கோணத்தில் மறுபடி படித்துப் பாருங்கள். புலிவேஷக்காரரான காதர் வேலை கேட்டு ஸ்டூடியோ அலுவலகத்துக்கு வருகிறார். அந்த அறையிலேயே புலியாகப் பாய்ந்து காட்டுகிறார். அங்கிருப்பவர்கள் உறைந்துபோகிறார்கள். அடுத்த கணம் அவர் மீண்டும் பசித்த மனிதராகிக் கெஞ்சுகிறார். பிறகு அவருக்கு அனுப்பப்படும் கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. நம் விமர்சகர்கள் இதைக் கலையின் மகத்துவம், கலைஞனின் அவலம் என்று படித்துப் பழகிவிட்டார்கள். நான் படிப்பது அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களை. அவர்கள் கெட்டவர்களல்ல. உதவ நினைப்பவர்கள். ஆனால் அவர்கள் கையில் வேலை கொடுக்கும் அதிகாரம் இல்லை. தங்கள் வேலையின் ஆயுளே அவர்களுக்குத் தெரியாது. இருந்தும் வாசலில் நிற்பவரின் பார்வையில் அவர்கள்தாம் பாஸ். அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இவர் நிற்கிறார். இந்த ஒரு வித்தியாசம் போதும்.

அசோகமித்திரனுக்குக் கோபமே வராது, கீழ்நடுத்தர வர்க்கத்தின் சலிப்பை எழுதியவர், போராட்டம் தெரியாதவர் என்று இடதுசாரி நண்பர்கள் சொல்வதுண்டு. மேம்போக்கான வாசிப்பு இது. அவருடைய குரல் உயராத உரைநடை ஓர் அழகியல் தேர்வு மட்டுமல்ல. பதினான்கு ஆண்டுகள் ஒருவரின் கீழ் வேலை பார்த்தவர் கற்றுக்கொண்ட எச்சரிக்கையின் வடிவமும் அதில் இருக்கிறது. சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டும், பிடிபடவும் கூடாது. சம்பளத்துக்கு இருப்பவனின் இலக்கணம் இது. அந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்பவர்கள் மாதக் கடைசியைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஆனால் ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அசோகமித்திரனின் மனிதர்களில் பலருக்கும் உட்கார ஓர் இடமிருக்கிறது. வேலை போனாலும் விண்ணப்பம் எழுதத் தெரியும். அவர் பல ஆண்டுகள் வாழ்ந்த அதே தி.நகரில், சில தெருக்கள் தள்ளி, நாற்காலியே இல்லாத ஒரு தொழிலாளர் கூட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. அந்த உலகத்தைப் பேச வேறொரு மொழி தேவைப்பட்டது.

3

2010 மார்ச்சில் வெளிவந்த 'அங்காடித் தெரு' அந்த மொழியைத் தேடிய படம். இயக்கம் வசந்தபாலன், வசனம் ஜெயமோகன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரங்கநாதன் தெருவின் மாடிக்கடைக்கு ஆள் பிடித்து வரப்படும் பிள்ளைகளின் கதை. பேச ஆளில்லாத, தகப்பனில்லாத, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளாகப் பார்த்து எடுக்கிறார்கள் என்பதைப் படம் ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறது. நெருக்கியடித்துத் தங்கும் விடுதி, முண்டியடிக்கும் சாப்பாட்டுக் கூடம், தாமதத்துக்கு நிமிடக் கணக்கில் சம்பளப் பிடித்தம், நின்று நின்று நரம்பு சுருண்டு போன கால்கள் — தமிழ் சினிமாவில் இவையெல்லாம் அதற்கு முன் இவ்வளவு அருகில் வந்ததில்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் படத்துக்குப் பிறகு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் பெண்ணின் காலைப் பார்க்காமல் நம்மால் கடைக்குள் நடக்க முடியவில்லை. அவ்வளவு செய்திருக்கிறது.

ஆனாலும் படத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. அதிலுள்ள மேற்பார்வையாளன் அடிக்கிறான், உதைக்கிறான், பெண்கள் உடல்மீது கை வைக்கிறான். அவன் பெயர் கருங்காலி. தமிழ்த் தொழிற்சங்க மொழியில் கருங்காலி என்றால் வேலைநிறுத்தத்தை உடைக்கிறவன் என்பது வாசகர்களுக்குத் தெரியும். சங்கம் இருக்கும் இடத்தில்தான் கருங்காலி என்ற சொல்லுக்கு அர்த்தம். படத்தில் சங்கமும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. சொல் மட்டும் தன் வரலாற்றிலிருந்து கழன்று வந்து ஒரு கெட்டவனின் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதனால் நேர்வது என்ன? அவனுக்குப் பதில் ஒரு நல்லவன் அந்தத் தளத்தில் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் பார்வையாளருக்கு வந்துவிடுகிறது. குணக்கேடான மேலாளர் என்ற பழைய சுயமுன்னேற்றக் கதையாடலுக்கே சுற்றி வளைத்துத் திரும்பி வந்து சேர்கிறோம். அவனும் ஒரு சம்பளக்காரன்தான், மேலே அண்ணாச்சிக்குக் கணக்குச் சொல்லவேண்டியவன்தான் என்பது படத்தில் மங்கலாகவே தெரிகிறது.

படத்தின் உச்சம் அடிதடியில் இல்லை. கடையில் காதலிக்கும் ஒரு பையனும் பெண்ணும் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லோர் முன்னிலையிலும் விசாரணை நடக்கிறது. வேலை போய்விடும் என்ற பயத்தில் அந்தப் பையன், சௌந்தரபாண்டி, அவளைத் தான் காதலிக்கவே இல்லை என்று மறுத்துவிடுகிறான். அந்தப் பெண் செல்வராணி உயிரை விடுகிறாள். அவனைப் பார்த்து நாம் 'சமாளிச்சுட்டான்' என்று சொல்லலாமல்லவா? சமாளித்தல் என்ற சொல்லின் கடைசி விலை அந்தக் காட்சியில் இருக்கிறது. கருங்காலி சாந்தமானவனாக இருந்திருந்தாலும் சௌந்தரபாண்டி மறுத்திருப்பான். காரணம் ஊரில் இருக்கும் குடும்பம், போனால் திரும்பக் கிடைக்காத இடம்.

'அண்ணாச்சி' என்ற சொல் வேலை செய்யும் விதத்தையும் இங்கேதான் பார்க்கவேண்டும். தென்மாவட்டத்தில் அது மூத்த சகோதரரைக் குறிக்கும் மரியாதைச் சொல். சென்னைக்கு வந்தபின் தெற்கத்திக் கடைக்காரரையும் குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோள்சீலைப் போராட்டத்தையும் 1899 சிவகாசிக் கலவரத்தையும் கடந்து, மகமை என்ற பொது நிதியைக் கொண்டு கடைகளும் பள்ளிக்கூடங்களும் கட்டி எழுந்த ஒரு சமூகத்தின் வரலாறு அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. சுயமரியாதைக்கான அந்தக் கூட்டுறவை நான் மதிக்கிறேன். ஆனால் அதே ஊர்ப்பாசமும் உறவுமுறையும் இன்று ஆள்பிடிக்கும் வலையாகவும் பயன்படுகிறது என்பதை மறைக்க முடியாது. இதைச் சாதி வசையாகப் படிக்க விரும்புகிறவர்கள் தயவுசெய்து வேறு கட்டுரையைப் புரட்டிக்கொள்ளலாம். வேறு சாதியார் நடத்தும் கடைகளிலும் இதே முறைதான்; விளி மட்டும் மாறும்.

உறவுமுறைச் சொல் ஒப்பந்தத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அண்ணாச்சியிடம் யாராவது நியமன ஆணை கேட்பார்களா? அண்ணன்கிட்ட போயி 'எழுதிக் குடு'ன்னு கேக்கறதா? சோறு அவருடையது, படுக்க இடம் அவருடையது, பொங்கலுக்கு ஊருக்குப் போகும் லீவும் அவர் பார்த்துக் கொடுப்பது. ஆகவே வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை. அன்றிரவு படுக்கவும் இடமில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் நீ ஊர் போய்ச் சேர்வதற்குள் உன்னைப் பற்றிய சேதி சேர்ந்துவிடும். அச்சகத்து 'சார்' எட்டு மணிநேரத்துக்கு மட்டும் சார். அண்ணாச்சி இருபத்துநான்கு மணிநேரமும் அண்ணாச்சி.

படம் கடைசியில் தரும் விடுதலை எது? கால்களை இழந்த கனியும் ஜோதிலிங்கமும் அதே தெருவில் நடைபாதை வியாபாரிகளாகிறார்கள். மேலாளரிடமிருந்து தப்ப ஒரே வழி மேலாளரே இல்லாத பிழைப்பு. உணர்ச்சியாக இது நம்மைத் தொடுகிறது. அரசியலாகப் பார்த்தால் தனித்தனியாகத் தப்பித்தல்தான். உள்ளே தளம் தளமாக நின்றுகொண்டிருப்பவர்கள் அப்படியேதான் நிற்கிறார்கள்.

4

நிற்பவர்களைப் பற்றி ஒரு சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றத்தில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவரப்பட்டு 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்கவேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க நின்றபடி இருக்கும் நிலை தவிர்க்கப்படவேண்டும் என்பது அதன் சாரம். 1899இல் இங்கிலாந்தில் கடைப்பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது வைக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கும் நம் சட்டத்துக்கும் இடையில் 122 ஆண்டுகள்.

நமக்கு முன்னால் கேரளம் இருக்கிறது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், விஜி முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' அமைப்பின் வழியாக முதலில் கேட்டது நாற்காலியல்ல, கழிப்பறை. ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழித்த பெண்கள் அவர்கள். அங்கிருந்துதான் உட்காரும் உரிமைக்கு வந்தார்கள். 2014 இறுதியில் திருச்சூரில் ஒரு சேலைக்கடையின் பெண் ஊழியர்கள் கடைக்கு வெளியே உட்கார்ந்து நூறு நாட்களுக்கு மேல் போராடினார்கள். நிற்க வைக்கப்பட்டவர்கள் உட்கார்ந்து நடத்திய போராட்டம். 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு அதைப் பின்தொடர்ந்தது. அங்கே சட்டத்துக்கு முன்பு ஓர் இயக்கம் இருந்தது. இங்கே சட்டம் வந்த அளவுக்கு இயக்கம் வரவில்லை.

இப்போது 22-ஏ பிரிவை ஒரு பிரதியாகப் படிப்போம். அதன் மையச்சொல் 'வாய்ப்பு'. வேலைக்கு நடுவே உட்கார ஒரு வாய்ப்பு வந்துவிட்டது என்று யார் தீர்மானிப்பது? வாடிக்கையாளர் இல்லாத மதியம் மூன்று மணி வாய்ப்பா? தள மேற்பார்வையாளரைக் கேட்டால், "சும்மா நிக்கிறியே, அந்த ரேக்கை அடுக்கு" என்பார். கலைந்து கிடக்கும் துணி எப்போதும் இருக்கும். இல்லையென்றால் அடுக்கியதைக் கலைத்து அடுக்கலாம். கூரையில் காமிரா. அதற்குப் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. தெரியாததால் எப்போதும் பார்க்கப்படுவதாகவே நடந்துகொள்ளவேண்டும். பெந்தமின் வட்டச் சிறையைப் பற்றி ஃபூக்கோ எழுதியதை நாம் பல இதழ்களில் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். அதை உஸ்மான் சாலையில் பட்டுச்சேலைப் பிரிவில் நின்றுகொண்டு விவாதித்திருக்கலாம்.

வாடிக்கையாளரும் ஒரு மேலாளர்தான். கல்யாண ஜவுளிக்குக் குடும்பத்தோடு வந்து, நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லி, எடுத்துப் போடும் பெண்ணின் முகம் கொஞ்சம் வாடினால் "இந்தப் பொண்ணுக்கு ஒரு சிரிப்பு இல்ல பாரு" என்று சொல்லும் நாம். ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சம்பளத்துக்காக உணர்ச்சியைத் தயாரித்துத் தருவதும் உழைப்புதான் என்று காட்டினார். தி.நகரில் அந்த உழைப்பு நின்றபடியே தரப்படுகிறது.

ஆக, நாற்காலி இருக்கிறது, உட்கார முடியாது. ஏன் முடியாது என்பதற்கான பதில் அதே சட்டத்தின் இன்னொரு பிரிவில் கிடக்கிறது. 41ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமில்லாமல், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமல் நீக்கக்கூடாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். 1947இலேயே எழுதப்பட்ட உரிமை இது. இதே சட்டம்தான் நாளுக்கு எட்டு மணிநேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்ற வரம்பையும் சொல்கிறது. ஆனால் ஆறு மாதம் வேலை பார்த்தேன் என்று எதைக் கொண்டு நிரூபிப்பது? நியமன ஆணை இல்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்ததில்லை. சம்பளம் கவரில் வந்தது. உன்னை நீக்கியதாக யாரும் எழுதித் தரவும் மாட்டார்கள். "ஊருக்குப் போயிட்டு வா, அப்புறம் சொல்றோம்" என்பார்கள்.

22-ஏ பிரிவையும் 41ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்காதவரை இரண்டும் காகிதம். உட்கார்ந்தால் வேலை போகாது என்ற உறுதி இருந்தால்தான் நாற்காலி நாற்காலி. இல்லையென்றால் அது ஆய்வாளர் வரும்போது காட்டுவதற்கான பொருள். மேலாளரின் கோபத்துக்கு எதிரான முதல் ஆயுதம் துணிச்சலல்ல, கையில் இருக்கும் ஒரு துண்டுக் காகிதம்.

காகிதம்தான் இப்போது வருகிறதே என்று கேட்கலாம். 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நியமனக் கடிதம் கட்டாயம் என்று அவற்றுள் ஒன்று சொல்கிறது. வரவேற்கவேண்டியதுதான். ஆனால் இன்னொரு தொகுப்பு குறித்தகால வேலை என்ற முறைக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெறவேண்டிய ஆலைகளின் வரம்பையும் நூறு தொழிலாளரிலிருந்து முந்நூறாக உயர்த்துகிறது. நூறு தொழிலாளர் வேலை செய்யும் ஆலைக்கு நேற்றுவரை இருந்த கடிவாளம் இனி இல்லை. ஒரு கையால் கடிதம் தந்து இன்னொரு கையால் அதன்மேல் முடிவுத் தேதி எழுதும் வேலை இது. முடிவுத் தேதி நெருங்க நெருங்க மேலாளரின் குணம் எப்படி மாறும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கடிதத்தைப் புதுப்பிப்பவர் அவர்தானே.

அரசு எதை அளக்கிறது என்பதும் கவனத்துக்குரியது. 2008 செப்டம்பர் 1 அன்று ரங்கநாதன் தெருவின் பெரிய கடையொன்றில் தீப்பிடித்து ஊழியர் இருவர் இறந்தார்கள். 2011 அக்டோபர் 31 அன்று அந்தப் பகுதியின் பல வணிகக் கட்டடங்கள் விதிமீறலுக்காகப் பூட்டி முத்திரையிடப்பட்டன. சில வாரங்களில் உச்ச நீதிமன்றம்வரை போய்த் திறந்தார்கள். தளங்களின் எண்ணிக்கை, காலியிட அளவு, வாகன நிறுத்தம் எல்லாம் விவாதமாயின. அந்தத் தளங்களில் எத்தனை மணிநேரம் யார் நின்றார்கள் என்பது விவாதமாகவில்லை.

5

சமாளித்தலை நான் இழிவாகப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மலேசியக் கிராமமொன்றை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட் 1985இல் எளியோரின் ஆயுதங்கள் பற்றி எழுதினார். வேலையை இழுத்தடித்தல், தெரியாதது போல் நடித்தல், முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் வைத்தல். ஜவுளிக்கடையில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் இவை எல்லாம் தெரியும். பிரித்துப்போட்ட சேலையை மடிக்கும் சாக்கில் திண்டில் முழங்காலை ஊன்றி உடம்பின் எடையை இறக்கி வைக்கிறாள் ஒருத்தி. கிடங்கிலிருந்து சரக்கு எடுக்கப் போகிறவன் நான்கு நிமிட வேலைக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறான், அந்த ஆறு நிமிடத்தை மற்றவர்கள் மறைத்துக் கொடுக்கிறார்கள். மேற்பார்வையாளர் மாடியேறும்போது ஒரு கண்ஜாடை தளம் முழுக்க ஓடுகிறது. இது அறிவு. இது தோழமை. எந்தச் சுயமுன்னேற்ற நூலிலும் இல்லாத பாடம்.

ஆனால் நுண் எதிர்ப்பு, அன்றாட எதிர்ப்பு என்று இவற்றையே கொண்டாடி முடித்துவிடும் போக்கு நம் அறிவுஜீவிகளிடம் உண்டு. அங்கேதான் எனக்கு மறுப்பு. மறைத்துக் கொடுத்த ஆறு நிமிடம் மறுநாள் மறுபடியும் மறைத்துக் கொடுக்கப்பட வேண்டியதாகவே இருக்கிறது. மிட்டாய்த் தெருப் பெண்களும் முதலில் சமாளித்தவர்கள்தாம். தண்ணீர் குடிக்காமல் சமாளித்தார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் நேரும் வெட்கமான விஷயமென்று வைத்திருந்ததை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது கோரிக்கையானது. இந்த மாற்றம் தானாக நடப்பதில்லை. சந்திக்க ஓர் இடம் வேண்டும், கடைக்கும் விடுதிக்கும் வெளியே சில மணிநேரம் வேண்டும், வேலை போனால் நான்கு நாள் சோறு போட யாராவது வேண்டும். விடுதியும் சோறும் அண்ணாச்சியிடமே இருக்கும்வரை இந்த மூன்றும் அவரிடம்தான் அடகில் இருக்கின்றன. தி.நகரில் சங்கம் கட்ட முயலும் தோழர்கள் துண்டறிக்கைக்கு முன்னால் யோசிக்கவேண்டியது ஒரு வாடகை அறையைப் பற்றி என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. தமிழ்ப் பதிப்புத் துறையின் கணிசமான பகுதி தி.நகரிலும் மயிலாப்பூரிலும் ராயப்பேட்டையிலும்தான் இருக்கிறது. அங்கே பிழை திருத்துகிறவர், பக்கம் வடிவமைக்கிறவர், பக்கத்துக்கு இவ்வளவு என்று மொழிபெயர்க்கிறவர், பைண்டிங் பெண்கள், இவர்களில் எத்தனை பேரிடம் நியமன ஆணை இருக்கிறது? அதிகாரம் பற்றியும் விளிம்புநிலை பற்றியும் நாம் எழுதும் நூல்களை ஒட்டித் தைக்கிறவர்களின் வேலை நிபந்தனை என்ன? கேட்டுப் பாருங்கள். "நம்ம பசங்கதான், குடும்பம் மாதிரி" என்று பதில் வரும். பாஸ், சார், அண்ணாச்சி வரிசையில் நான்காவதாக ஒரு விளி சேர்ந்துகொள்கிறது: தோழர்.

குடும்பம் மாதிரி என்று சொல்லப்படும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வி கேட்கலாம். நாளை நான் வரவேண்டாம் என்றால் யாரிடம் முறையிடுவது, எந்தக் காகிதத்தைக் காட்டி? பதில் இருந்தால் அவர் எவ்வளவு கோபக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, வேலை பார்க்கலாம். பதில் இல்லையென்றால் அவர் எவ்வளவு நல்லவர் என்பதைப் பேசி ஆவதொன்றுமில்லை.